ஆண்டு விழா சேர்ந்திசை: எந்தப் பாட்டு, எந்தக் கட்டை?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்களிடம் இசை ஆசிரியர் பணியிடம் காலி. ஓரளவு பாடுவேன் என்பதால் ஆண்டு விழா சேர்ந்திசையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 42 பிள்ளைகள், கையில் ஒரு கீபோர்டு, ஆறு வார அவகாசம். தலைமையாசிரியர் எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு வேண்டும் என்கிறார். ஓர் ஆண் பாடகரின் பாட்டை டிராக் போட்டுப் பழக்கினேன். சரணத்தில் எல்லோரும் கத்துகிறார்கள். "5 கட்டையில் வைத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்கிறார் ஒருவர். இன்னொருவர், 8,000 ரூபாய் கொடுத்தால் ஸ்டூடியோவில் குரலோடு பதிவு செய்து தருகிறேன், பிள்ளைகள் வாயசைத்தால் போதும் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: டீச்சர், பிள்ளைகள் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. வளர்ந்த ஆண் பாடிய பாட்டை அவர் பாடிய இடத்திலேயே பாடினால் பல்லவி பிள்ளைகளுக்கு முனகலாகத்தான் வரும். அதனால் யாரும் சொல்லாமலே ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையான தூரம், மேலே ஏறிக்கொள்கிறார்கள். பல்லவி வரை சுகம். சரணத்தில் பாடகர் மேலே போகும்போது இவர்கள் ஏற்கெனவே ஒரு ஸ்தாயி மேலே நிற்கிறார்கள். அப்புறம் கத்தாமல் என்ன செய்வார்கள்?

"5 கட்டை" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். கட்டை என்பது ஸ எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பாட்டு எவ்வளவு தூரம் ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லாது. அதே 5 கட்டையில் ஒரு பாட்டு கீழ் ஸ-வைச் சுற்றியே முனகும், இன்னொன்று மேல் ப-வில் போய்த் தொங்கும்.

கீபோர்டின் நடுப்பகுதியில் இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அவற்றுக்கு இடப்பக்கம் ஒட்டி இருக்கிற வெள்ளைக் கட்டையில் விரலை வையுங்கள். அங்கிருந்து வலப்பக்கமாக, அதையும் சேர்த்து, ஒன்பது வெள்ளைக் கட்டைகள் எண்ணுங்கள். பயிற்சி இல்லாத பிள்ளைகள் கூட்டமாகப் பாடும்போது கத்தாமல், முனகாமல் பாடக்கூடிய இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். இனி எந்தப் பாட்டை யார் சொன்னாலும் அதன் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் கீபோர்டில் தேடிப் பிடியுங்கள். இரண்டையும் சேர்த்து ஒன்பது வெள்ளைக் கட்டைக்குள் அடங்குகிறதா? எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் சரிதான், இடம்தான் மேலே கீழே தள்ளியிருக்கிறது என்றால் சுருதியை நகர்த்தினால் போதும். அகலமே கூடுதல் என்றால் எவ்வளவு அழகான பாட்டானாலும் விட்டுவிடுங்கள். எந்தச் சுருதியில் வைத்தாலும் ஒரு முனையில் இடிக்கும். சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும். அவை தேர்ந்த ஒரு பாடகரின் குரல் எங்கெல்லாம் போகும் என்று காட்டுவதற்காகவே போட்ட மெட்டுகள்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் சிலருக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கும். அவர்களை வரிசையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். பல்லவியை மட்டும் கீழ் ஸ்தாயியில் பாடட்டும், மற்ற நேரத்தில் தாளம் தட்டட்டும்.

அந்த 8,000 ரூபாய்க்காரருக்கு வருகிறேன். ஆண்டு விழாப் பருவம் தொடங்கியதும் பென் டிரைவோடு பள்ளிப் பள்ளியாக இறங்குகிறவர்கள் இவர்கள். ஒரே பதிவைப் பல பள்ளிகளுக்கு விற்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் அதே குரல் பாடியிருக்கும். டிராக் கைக்கு வருவது விழாவுக்கு இரண்டு நாள் முன்னால். சுருதி பொருந்தவில்லை என்றால் "அதற்கு எக்ஸ்ட்ரா ஆகும்" என்பார். பாட்டின் வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்க ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கால் மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவான். வாயசைப்பு பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஆறு வாரம் 42 பிள்ளைகளை நிற்கவைத்து வாயை மட்டும் திறந்து மூடப் பழக்குவதற்கு எதற்கு ஒரு பள்ளிக்கூடம்? அந்தப் பணத்தில் உள்ளூர் பஜனைக் குழுவில் ஹார்மோனியம் வாசிக்கிற ஒருவரையும் ஒரு தபேலாக்காரரையும் நாலைந்து ஒத்திகைக்கு வரவழைக்கலாம். பிள்ளைகள் தடுமாறினால் அவர்கள் காத்திருப்பார்கள். டிராக் காத்திருக்காது.

தலைமையாசிரியரிடம் பேச இன்னொரு பிடியும் இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணை, அதை இசைத்தட்டில் ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு நேரில் பாடவே சொல்கிறது. 55 நொடி, மோகன ராகம், மும்மூன்றாக எண்ணும் மூன்றன் நடை என்று கணக்கும் கொடுத்திருக்கிறது. அந்தப் பயிற்சியை யார் கொடுப்பது என்று கேட்டால்தான் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள். இசை ஆசிரியர் பணியிடத்தை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்துக்கொண்டு, கலைத் திருவிழாவுக்கு மட்டும் குழுப்பாடலுக்குப் பிள்ளைகளை அனுப்பு என்று சுற்றறிக்கை வந்துவிடுகிறது. ஒத்திகைக்கு ஒரு பீரியட் கேட்டால் அது கணக்கு வாத்தியாருக்குப் போயிருக்கும். சரி, இருக்கிறதை வைத்துப் பார்ப்போம்.

உங்கள் பிள்ளைகள் காலை வணக்கத்தில் பாடும் ராகம் மோகனம். அதிலேயே முதல் பாட்டைத் தேடுங்கள். கீபோர்டில் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் இடது ஓரக் கட்டையை ஸ என்று வைத்து, கறுப்பை மட்டும் வரிசையாக வாசியுங்கள், அதுதான் மோகனம். அடுத்தடுத்த சுரங்கள் அரைச்சுரமாக நெருங்கி நிற்பது இந்த ராகத்தில் இல்லை. அதனால் ஒரு குழு முதல் அடியை முடித்ததும் இன்னொரு குழு அதே அடியைத் தொடங்கினாலும் பெரிதாக இடிக்காது. கேட்கிறவர்களுக்கு ஏதோ பெரிய ஏற்பாடு போலத் தோன்றும், உங்களுக்குக் கூடுதல் வேலை இல்லை. தோடி மாதிரி கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, நிறைந்த ராகங்கள் பக்கம் போக வேண்டாம். ஒருவர் பாடினால் உருக்கம், 42 பேர் பாடினால் ஆளுக்கொரு பக்கம் அசைந்து கலங்கிவிடும்.

இரண்டாவதாக முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு அவர் எழுதிய சாகித்தியங்கள், அதாவது பாட்டு வரிகள், இவை. எல்லாம் சங்கராபரண ராகத்தின் சுரங்களில், கமகம் இல்லாமல் நேர் நேராகப் போகும். 'சியாமளே மீனாக்ஷி' என்பது மழலையர் வகுப்பில் பிள்ளைகள் பாடிய 'டுவிங்கிள் டுவிங்கிள்' மெட்டுதான். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் மெட்டு ஏற்கெனவே வாயில் இருப்பதால் வார்த்தையை மட்டும் பழக்கினால் போதும். வடமொழிச் சாமி பாட்டு என்று யாராவது முகம் சுளித்தால் பாரதியிடம் போங்கள். 'வெள்ளிப் பனிமலையின் மீதுலவுவோம்' கூட்டமாகப் பாடவே எழுதியதுபோல நடக்கும். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வைத்துப் பாரதியைப் பல குரல்களில் பாடவைத்துக் காட்டியிருக்கிறார். பதிவுகள் கிடைத்தால் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அதை அப்படியே செய்ய முயல வேண்டாம், உங்களிடம் இருப்பது ஆறு வாரம்.

மூன்றாவதாக, ஒன்பது கட்டைச் சோதனையில் தேறினால், தலைமையாசிரியரின் சினிமாப் பாட்டு. இங்கேதான் அடுத்த ஆள் வந்து நிற்பார், "காப்பிரைட் பிரச்சினை வரும் சார், லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்" என்று. ஒரு பைசா கொடுக்காதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு பள்ளிகளுக்கு விலக்கு தருகிறது. பள்ளியின் செயல்பாடாக ஆசிரியர்களும் மாணவர்களும் பாடலாம், ஒலிப்பதிவையும் ஒலிக்கவிடலாம். கேட்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டு விழா என்பது அதுதானே. ஊரெல்லாம் டிக்கெட் விற்றால் கதை வேறு. யூடியூபில் ஏற்றினாலும் கதை வேறு, இதை எத்தனை முறை சொன்னாலும் பள்ளிகள் கேட்பதில்லை. விழா மேடைக்குக் கிடைத்த விலக்கு, வீடியோவை உலகத்துக்குப் போட்டவுடன் கூடவே வராது. வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, டிராக்கின் ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை. மூன்றில் ஒன்று பிடித்தாலும் வீடியோவின் சத்தத்தை அணைத்துவிடுவார்கள், பெற்றோர் ஊமைப்படம் பார்ப்பார்கள். பாரதியின் உரிமையை 1949இல் அரசு வாங்கி, பிறகு பொதுவுடைமை ஆக்கிவிட்டது, ஆனால் அது அவர் எழுதிய வரிகளுக்கு. அந்த வரிகளுக்குப் பின்னாளில் சினிமாவில் ஒருவர் போட்ட மெட்டுக்கு அது பொருந்தாது. ஆகவே வீடியோ ஏற்றியே தீர வேண்டும் என்றால் நோட்டுஸ்வரத்தை ஏற்றுங்கள், அல்லது நீங்களே மோகனத்தில் மெட்டுப் போட்ட பாரதி பாட்டை ஏற்றுங்கள். சினிமாப் பாட்டு மேடையோடு நிற்கட்டும்.

மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம், பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மேடையில் பிள்ளைகளை அரை வட்டமாக நிறுத்தி, இரண்டு மைக்கை நாலைந்து அடி தள்ளி வையுங்கள். சத்தமாகப் பாடுகிற ஒரு பிள்ளை கையில் மைக்கைக் கொடுத்தால் மற்ற 41 பேரும் பாடியது வீண். முதல் நாளே சவுண்ட் சர்வீஸ்காரரிடம் எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். விழா அன்று மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.