ஒரு பந்தயமும் வெல்லாதவருக்கு வாக்குப் போடலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் எங்கள் வாசிகசாலைப் பொடியன்மார் ஏழு பேர் சேர்ந்து ஃபோர்முலா வன் கார்ப் பந்தயம் பார்ப்போம். சீசன் முடிந்ததும் ரெட் புல் டீம் ஓட்டுநர்களை ஒதுக்கிவிட்டு, மிச்சப் பேரில் யார் சிறந்தவர் என்று வாக்கெடுத்துக் கொப்பியில் எழுதி வைப்போம். 2023-க்கான பக்கம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. நான் ஆஸ்டன் மார்ட்டின் டீமின் அலொன்சோ என்கிறேன். மச்சான் சைன்ஸ் என்கிறான். “அவர் ஒன்றாவது வென்றார், உன்ட ஆள் எதை வென்றவர்?” என்று கேட்டால் எனக்குப் பதில் வருவதில்லை. வெற்றியே இல்லாத சீசனை எப்படி எடைபோடுவது? ஸ்பிரின்ட் (சில வாரங்களில் பிரதான பந்தயத்துக்கு முன் நடக்கும் குறும்பந்தயம்) புள்ளிகளையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: தம்பி, மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 2023-இல் நடந்த 22 பந்தயங்களில் 21-ஐ ரெட் புல் எடுத்துக்கொண்டது. வெர்ஸ்டப்பனுக்கு 19, பெரஸுக்கு 2. மிஞ்சியது சிங்கப்பூர் ஒன்றுதான், அதை வென்றவர் ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸ். அதுவும் சும்மா கிடைத்த வெற்றி இல்லை. கடைசிச் சுற்றுகளில் புது டயர்களோடு இரண்டு மெர்சிடிஸ் கார்கள் பாய்ந்து வந்தபோது, தனக்குப் பின்னால் வந்த மக்லாரன் டீமின் நொரிஸை வேண்டுமென்றே ஒரு விநாடிக்குள் விட்டுவைத்தார் சைன்ஸ். அப்போதைய விதிப்படி அந்த இடைவெளிக்குள் இருந்தால் நொரிஸ் பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டலாம், மெர்சிடிஸால் அவரைத் தாண்ட முடியாது. எதிராளியையே மதிலாக்கி 0.812 விநாடியில் வென்றார். நமக்கு அது மாலை ஐந்தரைக்குத் தொடங்கிய பந்தயம், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஆண்டு முடிவில் சைன்ஸ் 200 புள்ளிகளோடு 7-ஆம் இடம். ஒன்றும் வெல்லாத அலொன்சோ 206 புள்ளிகளோடு 4-ஆம் இடம். ஃபெராரியின் மற்ற ஓட்டுநர் லெக்லேருக்கும் அதே 206. அப்படிச் சமமானால் யாருக்கு வெற்றி அதிகம் என்று பார்ப்பார்கள். இருவருக்கும் பூச்சியம். அப்புறம் இரண்டாமிடங்கள், இருவருக்கும் 3. மூன்றாமிடங்களில்தான் தீர்ந்தது: அலொன்சோவுக்கு 5, லெக்லேருக்கு 3.

“இப்போதைய புள்ளி முறை அப்படி, அதனால்தான்” என்று மச்சான் சொல்லக்கூடும். அதையும் போட்டுப் பார்த்தேன். 1991 முதல் 2002 வரை முதல் ஆறு பேருக்கு மட்டும் 10, 6, 4, 3, 2, 1 என்று கொடுத்தார்கள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே பெரிய பள்ளம், வெல்பவருக்குச் சாதகமான கணக்கு. 2023-இன் பிரதான பந்தயங்களை அந்த முறையில் கூட்டினால் அலொன்சோவுக்கு 46, சைன்ஸுக்கு 39. அப்போதும் உங்கள் ஆள்தான் முன்னால்.

இதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். புள்ளி என்பது ஓட்டுநரும் காரும் சேர்ந்து எடுத்தது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் முதலில் பாயும் வயலையும் வாய்க்கால் முடியும் இடத்து வயலையும் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று ஒரே கணக்கில் அளந்து, எவர் நல்ல விவசாயி என்று யாராவது சொல்வார்களா? பக்கத்து வரம்புக்காரரோடுதான் ஒப்பிடுவோம். பந்தயத்தில் அந்தப் பக்கத்து வரம்புக்காரர் அதே டீமின் மற்ற ஓட்டுநர். அதே கார், அதே டயர், அதே மெக்கானிக் கூட்டம்.

அங்கேதான் வித்தியாசம் தெரிகிறது. சைன்ஸ் 200, அவருடைய டீமில் லெக்லேர் 206. அலொன்சோ 206, அதே ஆஸ்டன் மார்ட்டினில் லான்ஸ் ஸ்ட்ரோல் 74. ஸ்ட்ரோல் சீசன் தொடங்கும்போது மணிக்கட்டுக் காயத்தோடு ஓட்டினார், சிங்கப்பூரில் தகுதிச் சுற்றில் மோதி பிரதான பந்தயத்தை ஓட்டவே இல்லை. அதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் இடைவெளி பெரிதுதான்.

வெற்றியில்லாத சீசன் எல்லாமே இப்படி மெச்சத்தக்கது என்று எடுத்துவிடாதீர்கள். 2018-இல் வல்ட்டேரி பொட்டாஸ் 247 புள்ளி எடுத்தார், ஒரு வெற்றியும் இல்லை. அதே மெர்சிடிஸில் ஹமில்டன் 11 பந்தயம் வென்றார். பாகுவில் முன்னணியில் போனபோது முடிய 3 சுற்று இருக்கையில் பொட்டாஸின் டயர் வெடித்தது, ரஷ்யாவில் டீம் சொன்னதால் ஹமில்டனுக்கு வழிவிட்டார். அது எனக்கும் மனவருத்தம்தான். ஆனாலும் அந்தக் கார் வெல்லக்கூடிய கார். 2023-இன் ஆஸ்டன் மார்ட்டின் அப்படி இல்லை.

அந்தக் காரில் அலொன்சோ என்ன செய்தார் என்பதை ஒரே பந்தயத்தில் பார்க்க வேண்டுமென்றால் பிரேசிலைத் தேடிப் பாருங்கள். நமக்கு இரவு பத்தரைக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடிந்தது. அதற்கு முந்தைய இரண்டு பந்தயங்களிலும் அவரால் முடிவுக் கோட்டைத் தொட முடியவில்லை. 42 வயது. மூன்றாமிடத்துக்காகப் பின்னால் நிற்பவர் பெரஸ், அந்த ஆண்டின் மிக வேகமான காரில். பல சுற்று மறித்துப் பிடித்தும் 70-ஆவது சுற்றில் பெரஸ் தாண்டிவிட்டார். மற்றவர்கள் நாலாமிடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் கடைசிச் சுற்றில் நாலாவது வளைவில் திரும்பவும் உள்ளே புகுந்தார். பிறகு கோடு வரைக்கும் மேட்டில் ஏறும் நீண்ட பாதை, பெரஸ் உரசுகிற தூரத்தில் வருகிறார். முடிவு வித்தியாசம் 0.053 விநாடி. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய நாலரை மீட்டர், ஒரு காரின் நீளம்கூட இல்லை. பட்டியலில் அது வெறும் ‘3’ என்றுதான் கிடக்கும்.

ஆகவே கொப்பியில் முடிவு இடத்தோடு தொடங்கிய இடத்தையும் டீம் கூட்டாளி முடித்த இடத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கடைசியில் காரணத்துக்கு ஒரு வரி விடுங்கள். கட்டாரில் சைன்ஸுக்கு எரிபொருள் கோளாறு, காரை ஓட்டவே முடியவில்லை. அது அவர் தவறில்லை. அவுஸ்திரேலியாவில் அலொன்சோவை இடித்து 5 விநாடித் தண்டனை வாங்கி 4-இலிருந்து 12-க்கு விழுந்தார். அது அவர் கணக்கில்தான். இரண்டிலும் கிடைத்த புள்ளி பூச்சியம்தான், காரணத்தை எழுதாவிட்டால் வித்தியாசம் தெரியாது.

வெல்லாமலே சம்பியன் ஆகலாமா என்று மச்சான் கேட்டால், ஃபோர்முலா வன்னில் இதுவரை யாரும் ஆகவில்லை. ஒரே வெற்றியோடு 1958-இல் மைக் ஹோதோர்னும் 1982-இல் கேக்கே ரொஸ்பெர்க்கும் ஆனார்கள். மோட்டார் சைக்கிளில் நடந்திருக்கிறது: 1999-இல் 125 சிசி பிரிவில் எமிலியோ அல்சமோரா, ஒரு பந்தயமும் வெல்லாமல், மெலாண்ட்ரியை ஒரே ஒரு புள்ளியில் முந்தி.

ஸ்பிரின்ட் புள்ளிகளைத் தனியே எழுதுங்கள், சேர்க்க வேண்டாம். 2023-இல் ஆறு வாரங்களில் மட்டும்தான் ஸ்பிரின்ட் இருந்தது. அதில் சைன்ஸ் 22 எடுத்தார், அலொன்சோ 8. அதைக் கழற்றினால் 178-க்கு 198. மச்சான் கோபிக்க வேண்டாம், என் வாக்கு அலொன்சோவுக்கு. சிங்கப்பூர்ப் பந்தயத்துக்கு மட்டும் சைன்ஸின் பெயரை அதே பக்கத்தின் மேலே எழுதி வையுங்கள்.