பிஎச்.டி.யா, நெட் தேர்வா? ஒரு உதவி நூலகரின் கேள்வி

கேள்வி: சுயநிதிக் கலை, அறிவியல் கல்லூரி ஒன்றில் ஏழு ஆண்டுகளாக உதவி நூலகராக இருக்கிறேன். நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, ஆண்டுக்கொரு முறை இருப்பைச் சரிபார்ப்பது, இவ்வளவுதான் வேலை. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போதுதான் நிர்வாகத்துக்கு என் நினைவு வருகிறது. பிஎச்.டி. சேரட்டுமா, துறையை விட்டே போய்விடட்டுமா?

பதில்: இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனும், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சில நாட்களிலேயே அலுத்துப்போய், பழைய வேலையே போதும் என்று மாநிலக் கல்லூரிக்குத் திரும்பப் பார்த்தவர்தான். லண்டனில் நூலகங்கள் இயங்கும் விதத்தைக் கண்ட பிறகே அவர் மனம் மாறியது. அதனால் துறையை விடும் முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

முதலில் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள். பகுதிநேர பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் போய்விடும். நெட் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. முதுகலையில் 55 விழுக்காடு இருந்தால், அரசு, உதவிபெறும் கல்லூரி நூலகர் பணிக்கு விண்ணப்பிக்க நெட் தேர்ச்சியே தகுதி. 2024 முதல் நெட் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. சுயநிதிக் கல்லூரியில் திறமைக்காக மட்டும் சம்பளம் உயரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இருக்கிற இடத்தில் மதிப்பு கூட ஒரு வழி உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாணவரும் அவருடைய நெறியாளரும் இன்று அதிகம் அஞ்சுவது ஒப்புமை அறிக்கைக்குத்தான்; ஆய்வேட்டில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அறிக்கை அது. 2018ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி 10 விழுக்காடு ஒப்புமை வரை தண்டனை இல்லை. 40ஐத் தாண்டினால் ஓராண்டு வரை திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது; 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் மென்பொருள் காட்டும் எண் இறுதியானதல்ல. நூற்பட்டியல், நன்றியுரை, பொருளடக்கம், முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள் ஆகியவற்றைக் கழித்த பிறகே கணக்கிட வேண்டும். இது பல பேராசிரியர்களுக்கே தெரியாது! விதியை வரிவரியாகப் படித்துவிட்டு, துறை துறையாகப் போய் அரை மணி நேரம் விளக்குங்கள். அவர்கள் நூலகத்துக்கு வரட்டும் என்று கவுன்டரில் காத்திருக்காதீர்கள்.

நூலகப் பணிகளை நிர்வகிக்கும் கோஹா மென்பொருள் இலவசம். வீட்டுக் கணினியில் நிறுவி, நூறு புத்தகங்களை நீங்களே பட்டியலிட்டுப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அந்த அனுபவம் அதிகம் பேசும்.

இருப்புச் சரிபார்ப்பை மட்டும் யாரிடமாவது தள்ளிவிட முடியுமா என்று கேட்காதீர்கள். நானும் முயன்று தோற்றிருக்கிறேன்.