வயிற்றைத் திறக்கும் கீறலும் மூடும் தையலும்: ஆய்வுகள் சொல்வது என்ன? (கேள்வி பதில்)

அறுவை சிகிச்சையில் கீறல் போடும் முறைகளையும் காயத்தை மூடும் முறைகளையும் ஒப்பிடும் ஆய்வுகள் குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பொது அறுவை மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள் இவை. இங்கே பேசப்படுவது ஆய்வு முடிவுகள் மட்டுமே. உங்கள் காயத்தைப் பற்றிய முடிவை அதைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: என் தாயாருக்குப் பெருங்குடல் அறுவை நடந்து ஓராண்டு ஆகிறது. தையல் போட்ட இடம் வெளியே நன்றாக ஆறிவிட்டது. ஆனால் இருமும்போது தழும்பை ஒட்டி வயிறு புடைக்கிறது. ஆறிய காயம் மறுபடி பிரியுமா?

பதில்: தோல் ஆறுவது வேறு, வயிற்றுச் சுவர் ஆறுவது வேறு. வயிற்றின் நடுக்கோட்டில் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே வெண்மையான, தடித்த ஒரு நார்ப்படலம் இருக்கிறது. வயிற்றுக்குள் உள்ள அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். தோல் ஓரிரு வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் படலம் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது தையல் நூல்தான். அந்த இடைக்காலத்தில் படலத்தின் விளிம்புகள் விலகினால், பின்னாளில் அந்த இடைவெளி வழியாகக் குடல் வெளியே தள்ளக்கூடும். இதைத் தழும்பு ஹெர்னியா என்கிறோம். உங்கள் தாயாருக்கு இருப்பது அதுதானா என்பதைப் பரிசோதனையும் தேவையானால் ஸ்கேனும் உறுதிசெய்யும். புடைப்பு திடீரென வலித்தாலோ, உள்ளே தள்ள முடியாமல் இறுகினாலோ, வாந்தி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நான் அறுவை மருத்துவ முதுநிலை மாணவன். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தையல் எடுக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். இப்போது சிறு தையல்தான் நல்லது என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: நீங்கள் கற்றது தவறான பாடம் என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலத்துக்குக் கிடைத்த சான்று அவ்வளவுதான். இங்கிலாந்தின் ஜென்கின்ஸ் 1976 இல் ஒரு கணக்கை முன்வைத்தார்: படலத்தில் தங்கும் நூலின் நீளம் காயத்தின் நீளத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் காயத்துக்கு 80 சென்டிமீட்டர் நூல். தையல் முடிந்ததும் வெட்டியெறிந்த மிச்ச நூலை அளவுகோலில் வைத்து அளந்து மொத்த நீளத்திலிருந்து கழித்தால் இந்த விகிதம் கிடைத்துவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. ஆனாலும் இதை அளக்கும் அறுவை அரங்குகள் மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

நான்கு மடங்கைப் பெரிய தையலாலும் எட்டலாம், சிறிய தையலாலும் எட்டலாம். எது மேல் என்பதை ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் மருத்துவமனைக் குழு 737 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2009 இல் வெளியிட்டது. பெரிய தையல் பிரிவில் 18 சதவீதம் பேருக்கும், சிறு தையல் பிரிவில் 5.6 சதவீதம் பேருக்கும் ஹெர்னியா வந்தது. காயத் தொற்றும் 10.2 சதவீதத்திலிருந்து 5.2 ஆகக் குறைந்தது. பெரிய தையல் படலத்தோடு தசையையும் கொழுப்பையும் சேர்த்து இறுக்கிவிடுகிறது. நெரிபட்ட திசு செத்து இளகியதும் நூல் தளர்ந்து விளிம்புகள் விலகுகின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

அடுத்து நெதர்லாந்தின் பத்து மருத்துவமனைகளில் 560 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடந்த ‘ஸ்டிட்ச்’ ஆய்வு 2015 இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஒரு பிரிவில் 5 மில்லிமீட்டர் தள்ளி, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய நூலால் தையல். மற்றதில் இரண்டும் ஒரு சென்டிமீட்டர், தடித்த இரட்டை நூல். ஓராண்டு முடிவில் ஹெர்னியா முறையே 13 சதவீதம், 21 சதவீதம். சராசரித் தையல்களின் எண்ணிக்கை 45 க்கு 25. மூடுவதற்கு 14 நிமிடம், மற்றதில் 10 நிமிடம். நான்கு நிமிடம் கூடுதலாகக் குனிந்து நின்றால் இரண்டாவது அறுவை ஒன்றைத் தவிர்க்கும் வாய்ப்பு உண்டு என்றால் அந்த நான்கு நிமிடத்தைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஸ்டிட்ச் ஆய்வில் தையலின் அளவு மட்டும் மாறவில்லை. ஊசியும் நூலின் பருமனும் சேர்ந்தே மாறின. ஆகவே பலன் எதனால் வந்தது என்று தனியே பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது, அவை முன்கூட்டியே திட்டமிட்ட அறுவைகள். குடல் ஓட்டையாகி நள்ளிரவில் வரும் நோயாளியின் வீங்கிய வயிற்றுக்கு அதே எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. பின்னர் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த ‘எஸ்டோய்’ ஆய்வில் இரு பிரிவிலும் நெகிழும் தன்மையுள்ள ஒரே வகை நூல் பயன்பட்டது. அதில் ஓராண்டு ஹெர்னியா சிறு தையலில் 3.31 சதவீதம், பெரிய தையலில் 6.45 சதவீதம். பாதிதானே என்று தோன்றும். ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் மறுக்கவில்லை. நான் சிறு தையலையே போடுகிறேன், கற்பிக்கிறேன். எல்லோருக்கும் எல்லாச் சூழலிலும் நிறுவப்பட்டுவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மாத்திரை ஆய்வில் மருத்துவருக்கே எது மருந்து என்று தெரியாமல் மறைக்கலாம். தையல் போடுபவரிடம் தையலை எப்படி மறைப்பது?

பதில்: மறைக்க முடியாது. அதனால்தான் இத்தகைய ஆய்வுகளில் போடுபவர் ஒருவராகவும் அளப்பவர் இன்னொருவராகவும் இருக்க வேண்டும். ஓராண்டு கழித்து வயிற்றைத் தடவிப் பார்த்து அல்ட்ராசவுண்ட் செய்பவருக்கு எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. நோயாளிக்கும் தெரியாமல் இருந்தால் நல்லது. குலுக்கலை எப்போது செய்கிறார்கள் என்பதும் முக்கியம். உள்வேலை முடிந்து மூடத் தொடங்கும் தருணத்தில் செய்தால், ‘இவர் பருமனானவர், இவருக்கு இந்தத் தையல் வேண்டாம்’ என்று மருத்துவரின் மனம் குறுக்கிட வழியில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: கையால் மட்டும் தேடும் ஆய்வைவிட ஸ்கேன் செய்யும் ஆய்வில் ஹெர்னியா அதிகமாகத் தெரியும், நோயாளி உணராத சிறியவையும் உட்பட. ஆகவே வெவ்வேறு ஆய்வுகளின் சதவீதங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது பல நேரங்களில் ஏமாற்றும். ஒரே ஆய்வுக்குள் இரு பிரிவுகளை ஒப்பிடுவதே முறை.

கேள்வி: எனக்கு உடல் பருமன் அதிகம். தைப்பதோடு வயிற்றுச் சுவருக்கு வலுவூட்டும் செயற்கை வலையும் வைத்துவிட்டால் ஹெர்னியா வராதா?

பதில்: குறையும், வராது என்று சொல்ல முடியாது. பருமனானவர்களிடமும் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர்களிடமும் நடந்த ‘பிரிமா’ ஆய்வில் (480 பேர், 2017) இரண்டாண்டு முடிவில் வெறும் தையல் போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கும், படலத்தின் மேல் வலை வைத்தவர்களில் 13 சதவீதம் பேருக்கும், தசைக்குப் பின்னால் வைத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் ஹெர்னியா இருந்தது. மேலே வலை வைத்தவர்களுக்குக் காயத்தில் நீர் கோப்பது அதிகமாக இருந்தது.

கேள்வி: சிசேரியனுக்குப் பிறகு தோலில் பின் அடிப்பது நல்லதா, நூலால் தைப்பது நல்லதா?

பதில்: குறுக்குக் கீறலுக்கு நூல்தான். அமெரிக்காவில் 746 பெண்களிடம் நடந்து 2014 இல் வெளியான ஆய்வில் காயச் சிக்கல்கள் நூலில் 4.9 சதவீதம், பின்னில் 10.6 சதவீதம். வேறுபாட்டின் பெரும்பகுதி காயம் பிளந்துகொண்டதால் வந்தது: 1.6 க்கு 7.4. பின் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த வசதி மருத்துவருக்குத்தான், தாய்க்கு அல்ல.

கேள்வி: நான் பிரசவப் பிரிவில் செவிலியர். கருப்பையை ஒரு அடுக்காகத் தைப்பதா இரண்டு அடுக்காகவா, வயிற்றறையின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய உள்ளுறையை மூடுவதா விடுவதா என்று மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடுகிறார்கள். இதற்கு முடிவே கிடையாதா?

பதில்: உண்டு, அதில் நம் நாட்டுப் பெண்களுக்கும் பங்கு உண்டு. அர்ஜென்டினா, சிலி, கானா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சூடான் ஆகிய ஏழு நாடுகளில் 15,935 பெண்களைச் சேர்த்து நடந்த ‘கொரோனிஸ்’ ஆய்வு (2013) ஐந்து விவாதங்களை ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டது: வயிற்றை விரலால் விலக்கித் திறப்பதா கத்தியால் அறுத்துத் திறப்பதா, கருப்பையை வெளியே எடுத்துத் தைப்பதா உள்ளேயே வைத்துத் தைப்பதா, ஒரு அடுக்கா இரண்டா, உள்ளுறையை மூடுவதா விடுவதா, விலங்குக் குடலிலிருந்து செய்யும் குரோமிக் கேட்கட் நூலா செயற்கையான பாலிகிளாக்டின் நூலா. ஒவ்வொரு பெண்ணும் இவற்றில் மூன்றுக்குக் குலுக்கலில் சேர்க்கப்பட்டார். ஐந்து தனித்தனி ஆய்வுகளுக்கு ஆகும் செலவும் ஆண்டுகளும் இதனால் மிச்சம்.

மரணம், தொற்று, மறு அறுவை, இரத்தம் ஏற்றும் தேவை போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்த ஆறு வார முடிவில் ஐந்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அத்தோடு விடாமல் மூன்று ஆண்டுகள் கழித்து 13,153 பெண்களைத் தேடிப் பிடித்து, வலி, அடுத்த கர்ப்பம் முதலியவற்றையும் கேட்டார்கள். அப்போதும் எந்த முறையும் தெளிவாக மேலாகத் தெரியவில்லை. 2016 இல் அதையும் வெளியிட்டார்கள். ‘வேறுபாடு இல்லை’ என்றால் ஆய்வு தோற்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது மிகப் பயனுள்ள விடை. இரண்டும் சமம் என்றால் நேரமும் நூலும் குறைவாகத் தேவைப்படுவதைத் தேர்ந்தெடுக்கலாம். பயிற்சி மருத்துவரை ‘என் முறைதான் முறை’ என்று மிரட்டவும் வேண்டியதில்லை.

கேள்வி: தோலைக் கத்திக்குப் பதிலாக மின்சாரத்தால் கீறினால் தீக்காயம் பட்டுச் சீழ் பிடிக்காதா?

பதில்: பழைய அச்சம் அது. கத்தியையும் மின்சாரத்தால் கீறும் டயாதெர்மியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தொற்றில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

கேள்வி: குறுக்குக் கீறலில் வலி குறைவு என்கிறார்களே?

பதில்: ஜெர்மனியில் 200 பேரிடம் பெரிய வயிற்று அறுவையில் நெடுக்குக் கீறலையும் குறுக்குக் கீறலையும் ஒப்பிட்ட ‘போவாட்டி’ ஆய்வில் (2009) வலி மருந்தின் தேவையிலும் நுரையீரல் சிக்கலிலும் வேறுபாடு இல்லை, காயத் தொற்று குறுக்குக் கீறலில்தான் கூடியது. எந்த உறுப்பை எட்ட வேண்டும் என்பதை வைத்துக் கீறலை முடிவு செய்வதே சரி.

கேள்வி: கிருமிநாசினி பூசிய விலை உயர்ந்த நூல் வாங்கித் தரச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2016 இல் டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி பூசிய நூலை நிபந்தனையோடு பரிந்துரைத்தது உண்மை. ஆனால் ஜெர்மனியில் 1,224 பேரிடம் நடந்த ‘புரவுட்’ ஆய்விலும் (2014), இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5,788 பேரிடம் நடந்த ‘ஃபால்கன்’ ஆய்விலும் (2021) அந்த நூலால் தொற்று குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கையிலிருந்து பணம் கட்டும் குடும்பத்தை இதற்காக நான் அலைய விட மாட்டேன். அதே ஏழு நாடுகளில் நடந்த ‘சீட்டா’ ஆய்வில் (2022, 13,301 நோயாளிகள்) காயத்தை மூடுவதற்குச் சற்று முன் குழு முழுவதும் கையுறையையும் கருவிகளையும் மாற்றியபோது தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. பணத்தை அங்கே செலவழிக்கலாம்.

கேள்வி: என் தந்தையை இப்படியொரு தையல் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: இரு முறைகளும் இன்று நடைமுறையில் உள்ளவைதானா, ஏதாவது ஆனால் சிகிச்சைச் செலவு யாருடையது, எத்தனை மாதம் வந்து காட்ட வேண்டும், இடையில் விலகினால் சிகிச்சை மாறுமா என்று கேளுங்கள். விலகியதால் சிகிச்சை குறையக் கூடாது. தகவல் தாளையும் சம்மதப் படிவத்தையும் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும் கேளுங்கள். அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் எண்ணை இட்டால் ஆய்வின் நோக்கம், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கப் போகிறார்கள் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.