வெளிநாட்டுப் பள்ளியில் இரண்டு வார மிஷன் ஊழியம்: புறப்படுமுன் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் விசா. சம்பளமே வாங்காவிட்டாலும் வகுப்பெடுப்பதைப் பல நாடுகள் வேலையாகக் கருதும்; சுற்றுலா விசாவில் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். எந்த விசா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்து தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் (yellow fever) தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடு என்றால், அது ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் நின்றால் நேரம் இரட்டிப்பாகும். 40 நிமிட வகுப்புக்கு 20 நிமிடப் பாடம் போதும். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்துங்கள். நீட்டி முழக்கினால் அவர் பாதியை விழுங்கிவிடுவார். பள்ளி நேரத்தில் வேதாகம வகுப்பை அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

எந்தப் பிள்ளையுடனும் தனியறையில் இருக்க வேண்டாம். பரிசுப் பொருளா? தலைமையாசிரியர் கையில் கொடுங்கள்; வகுப்பில் விநியோகித்தால் அடிதடிதான்.