களத்து வெயில் யாருக்கு?

கேள்வி: பழனி மலையில் பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம். எனக்கு வயது 42. பொழுதுபோக்காகக் குறி அட்டை வைத்துச் சுடலாமே என்று ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு ஏர் ரைஃபிள் வாங்கினேன். .177 அளவு, குழலை மடக்கிக் குண்டு போடும் வகை. வீட்டுக்குப் பின்னால் காபி காயப்போடும் களம் இருக்கிறது. காலையில் அங்கே நல்ல வெயில் விழும், அட்டை பளிச்சென்று தெரியும். களத்தின் ஓரத்திலுள்ள சில்வர் ஓக் மரத்தில் அட்டையைக் குத்தி, கைப்பிடிச் சுவரில் குழலை ஊன்றிச் சுடுகிறேன். 7.9 கிரெய்ன் எடையுள்ள தட்டைத்தலைக் குண்டு. பத்து மீட்டரில்கூட ஒரே இடத்தில் விழமாட்டேன் என்கிறது. முதல் நாள் புகை வேறு வந்தது. துப்பாக்கி பழுதா? திருப்பி அனுப்பிவிடலாமா? இடத்துக்குப் பிரச்னை இல்லை. அப்பா வழக்கமாகக் களத்தில்தான் உட்காருவார். துப்பாக்கி வந்த பிறகு அவராகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். மனைவிதான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒன்பது வயதுப் பையன் இருக்கிற வீட்டில் இது எதற்கு என்கிறாள். அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது? குரங்கு வந்தால் விரட்டவும் இது உதவும்தானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். குண்டின் எடையைப் புள்ளி வைத்து எழுதியிருக்கிறீர்கள். டிரிகர் எவ்வளவு இறுக்கம் என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அவருக்கு என்ன வயது, கால் கை எப்படி, நடமாட்டம் எப்படி, ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியும் இடப் பிரச்னை தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்காக வந்த வரி.

பின்களத்தில் காலை வெயில் என்றால் உங்கள் வீட்டு முன்வாசல் மேற்குப் பார்த்தது. மத்தியானம் வரைக்கும் முன்பக்கம் வீட்டு நிழல்தான் விழும். பழனி மலையில் கார்த்திகை, மார்கழியில் காலை எட்டு மணிக்கு நிழலில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டுத் தரை ஜில்லிட்டுக் கிடக்கும், பனியில் நாற்காலிக் கைப்பிடி ஈரமாக இருக்கும். வயதானவர்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயில் எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலையில் வாழும் கிழவர்களுக்குக் காலை வெயில் பாதி வைத்தியம். அந்த வெயிலை எடுத்து அட்டைக்குக் கொடுத்துவிட்டு, பளிச்சென்று தெரிகிறது என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

அவராகவே போனாராம். வேறு எப்படிப் போவார்? மகன் ஏழாயிரம் ரூபாய் போட்டு ஆசையாக வாங்கியிருக்கிறான். பத்தடி தள்ளி 'பட் பட்'டென்று சத்தம். மரத்தில் பட்டது எந்தப் பக்கம் தெறிக்குமோ தெரியாது. சண்டை போடவும் மனசில்லை, 'தம்பி, எனக்குப் பயமா இருக்கு' என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தத் தலைமுறை ஆண்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதையும் அவரேதான் தூக்கியிருக்கிறார். வீட்டில் நீங்கள் இருந்தீர்கள், பையன் இருந்தான். தூக்கிக் கொடுக்க ஒரு கை இல்லையா?

அவர் களத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறீர்களா? காபி காய்கிற மாதங்களில் கோழியை விரட்டுவது யார், மேகம் கூடினால் தார்ப்பாயை இழுக்கச் சொல்லிச் சத்தம் போடுவது யார்? ஒரு பிடிப் பழத்தை அள்ளிக் காதோரம் குலுக்கி, உள்ளே கொட்டை கலகலவென்று உருள்கிறதா என்று பார்த்து, 'இன்னும் ரெண்டு வெயில் வேணும்' என்று சொல்வது யார்? நான் உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. ஆனால் மலைப்பக்கத்துக் களங்களைப் பார்த்திருக்கிறேன். தோட்ட வேலையிலிருந்து உடம்பு ஓய்ந்த பிறகும் ஒரு மனிதன் தன்னை வேலையில் வைத்துக்கொள்கிற இடம் அது. அங்கிருந்து எழுந்துபோனவரை 'ஒதுங்கிக்கொண்டார்' என்று எடுத்துக்கொள்வது சௌகரியம்தான்.

பெற்றவர் உட்கார்ந்த இடத்தைப் பிள்ளை தன் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்று சொன்னாலும் சரி. அவர் பெயரில் பட்டா இருக்கிறதா, உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்பதெல்லாம் எனக்கு வேண்டாத விஷயம்.

துப்பாக்கி என்றாலே அலறுகிறவள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது தரையில் குப்புறப் படுத்து .22 சுட்டிருக்கிறேன், நன்றாகவே சுடுவேன். அதனால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் துப்பாக்கியில் பழுது இல்லை, பிடிப்பதில்தான் தப்பு. இது ஸ்பிரிங் துப்பாக்கி. டிரிகரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும். குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கி பின்னால் உதைத்து முன்னாலும் இழுக்கும். அந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும். குழலைக் கல்சுவரில் ஊன்றினால் அது ஒருமுறை ஒரு பக்கம் துள்ளும், மறுமுறை இன்னொரு பக்கம். இறுக்கிப் பிடித்தாலும் அதே கதைதான். குழலுக்கு அடியிலிருக்கும் முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் சும்மா கிடக்க விடுங்கள். ஊன்றியே ஆக வேண்டுமென்றால் கையைச் சுவரில் ஊன்றுங்கள், துப்பாக்கி கையில் இருக்கட்டும். கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணிகள் உதைப்பில் தளர்ந்துபோகும், அவற்றையும் ஒருமுறை பாருங்கள். முதல் நாள் புகை வந்தது உள்ளே பூசிய எண்ணெய் அழுத்தத்தில் எரிந்ததால். சுடச்சுட நின்றுவிடும். அதற்காக நீங்கள் வேறு எண்ணெய் விட்டுவிடாதீர்கள். குண்டு போடாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கவும் கூடாது, பிஸ்டன் கெட்டுவிடும். குழலை மடக்கிக் குண்டு போடும்போது இன்னொரு கையால் குழலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பட்டென்று திரும்பி மூடினால் விரல் போய்விடும்.

மரத்தில் அட்டை குத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். காய்ந்த மரத்தில் பட்ட குண்டு சுட்டவன் முகத்துக்கே திரும்பி வரும். மரத்தில் படாமல் போன குண்டு இன்னும் மோசம். இந்தச் சின்ன ஈயத் துண்டு முன்னூறு மீட்டர்கூடப் போகும். உங்கள் ஊர்ச் சரிவில் கீழ்த்தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்கள் செடிக்குள் குனிந்திருப்பார்கள், மேலிருந்து தலைகூடத் தெரியாது. இன்னொன்றும் உங்களுக்குத் தோன்றவில்லை. தட்டைத்தலைக் குண்டு ஈயம், பட்டவுடன் நசுங்கிச் சிதறும். காபி காய்கிற களத்தில் ஈயத் தூள் விழலாமா? குண்டைத் தொட்ட கையோடு சாப்பிடவே கூடாது என்கிறார்கள். நீங்கள் மூட்டை கட்டி விற்கிற சரக்கின் நடுவில் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

களத்தை விடுங்கள் என்றால், வெளிச்சத்துக்கு எங்கே போவது என்பீர்கள். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்தப் போட்டி கூரைக்குக் கீழே விளக்கு வெளிச்சத்தில் நடப்பது. அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதற்கே சூரியன் தேவைப்படவில்லை. காபி மூட்டை அடுக்கும் கொட்டகை காலியாகக் கிடக்கும் மாதங்களில் அதற்குள் சுடுங்கள். ஆறேழு மீட்டர்தான் நீளம் என்றால் அட்டையைச் சின்னதாகப் போடுங்கள். மரப்பெட்டியில் பழைய துணியை இறுக்கி அடைத்து, பின்னால் கனமான பிளைவுட் கொடுத்து, அதன் முகத்தில் அட்டையை ஒட்டுங்கள். குண்டு பெட்டிக்குள்ளேயே நிற்கும், பொறுக்கி எடுத்துவிடலாம். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், கதவை உள்ளே தாழிடுங்கள். முறையாகக் கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் மதுரையிலும் கோவையிலும் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன.

குரங்கு விஷயத்தை ஒரே பேச்சில் முடிக்கிறேன்: கூடாது. .177 அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் இருந்தால் உரிமம் வேண்டாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. கண்டதைச் சுடலாம் என்று சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி விலங்கைக் காயப்படுத்துவதும் வேட்டைதான், கொல்ல முயல்வதும் வேட்டைதான். உங்கள் தோட்டத்துக்கு வரும் காட்டுமாட்டின் மேல் ஒரு குண்டு பட்டால், அது அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு, மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை. அந்த மாடு உங்களைச் சும்மா விடுமா என்பது தனி. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. சரணாலய எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள் ஆயுதம் வைத்திருப்பவர், உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றவராக இருந்தாலும், வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும் என்று அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. ரேஞ்சர் அலுவலகத்துக்கு நேரில் போய், இன்ன துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள். குரங்குக்கு அப்பா வழக்கமாக என்ன செய்வார் என்று அவரையே கேளுங்கள். தகர டப்பாவோ, ஒரு நாயோ, ஏதாவது ஒன்று சொல்வார்.

மனைவியைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்கிறீர்கள். வாங்கி, பெட்டியைப் பிரித்து, சுட்டுப் பார்த்த பிறகு சம்மதமா? அதற்குப் பெயர் ஒப்புக்குக் கேட்பது. பையனைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்பது வயதுப் பையன் அப்பா செய்வதை எல்லாம் ஒருநாள் அப்பா இல்லாதபோது செய்து பார்ப்பான். துப்பாக்கியை ஒரு பீரோவில் பூட்டுங்கள், குண்டு டப்பாவை வேறொரு பூட்டில் வையுங்கள், இரண்டு சாவியும் மனைவியிடம் இருக்கட்டும். நீங்கள் சுட வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கௌரவம் குறைகிறது என்றால் துப்பாக்கியையே விட்டுவிடுங்கள், அப்போது குறி சரியாக விழுகிறதா இல்லையா என்ற கேள்வியும் போய்விடும்.

ஆனால் அவர் முகம் கொடுக்காமல் இருப்பது பையனுக்காக மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில் மாமனாருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பது யார்? முன்பு களத்துக்குக் கொண்டுபோனவர் இப்போது முன்வாசல் நிழலுக்குக் கொண்டுபோகிறார். அவர் கண்ணில் அது தினமும் படுகிறது, உங்கள் கண்ணில் படவில்லை. மாமனாருக்காகப் பேசினால் 'எங்கப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதா' என்று நீங்கள் எகிறுவீர்கள். அதனால் பையனைச் சொல்லிப் பேசுகிறார். நிறைய மருமகள்களின் கடிதங்களில் இந்த வழியைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. அப்பாவிடம் போய் 'ஏன் இங்கே உட்கார்ந்திருக்கீங்க' என்று கேட்காதீர்கள். 'ஒண்ணுமில்லப்பா, இங்கதான் காத்து நல்லா வருது' என்பார், நீங்களும் நிம்மதியாக நம்பிவிடுவீர்கள். நாளைக் காலை ஏழரை மணிக்கு, அவர் எழுந்து முகம் கழுவுவதற்குள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் களத்தில் பழைய இடத்தில் போடுங்கள். களத்தைப் பெருக்கி, கிடக்கிற ஈயத் துண்டுகளைப் பொறுக்குங்கள். மரத்திலிருக்கும் ஆணியைப் பிடுங்குங்கள். அவர் வந்து பார்த்து உட்கார்ந்தால் சரி. உட்காராமல் முன்பக்கமே போனால் மறுநாளும் போடுங்கள். ஒரு வாரமானாலும் போடுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். அதுவரை துப்பாக்கி பெட்டியிலேயே இருக்கட்டும்.

திருப்பி அனுப்பப் பத்து நாள் கெடு என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும், ஆகவே துப்பாக்கி எப்படியும் உங்களிடம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். மறுபடி எழுதுவதானால், கடிதத்தை உங்கள் மனைவி எழுதட்டும். வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவர் எழுதினால்தான் எனக்கு முழுதாகத் தெரியும்.