பெனிசிலின் இருந்தும் ஏன் சிபிலிஸ்? ஆஸ்திரேலியாவின் வடக்கிலிருந்து கேள்வி பதில்

வணக்கம். நார்தர்ன் டெரிட்டரியில், டார்வினுக்கு வெகு தொலைவில் உள்ள பூர்வகுடி ஊர்களின் கிளினிக்குகளில் நர்ஸாக வேலை செய்கிறேன். பெனிசிலினில் குணமாகும் சிபிலிஸ் போன்ற பால்வினை நோய்களைக் குறைக்க அங்கே அரசு என்னதான் செய்கிறது என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். ஊர்ப் பெயரும் நோயாளிகளின் கதையும் மட்டும் வராது.

கேள்வி: இவ்வளவு பணக்கார நாட்டில் சிபிலிஸ் எப்படிப் பரவியது அக்கா?

மெதுவாக, எல்லோர் கண் முன்னாலும். 2011 தொடக்கத்தில் குயின்ஸ்லாந்தின் வடமேற்கில் ஆரம்பித்தது. 2013இல் டெரிட்டரி, 2014இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி, 2016 கடைசியில் தென் ஆஸ்திரேலியா. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 15 முதல் 29 வயதுக்குட்பட்ட பூர்வகுடி இளைஞர்கள். முதலில் வரும் புண் வலிக்காது, தானாகவே ஆறியும் விடும். அதனால் கிளினிக்குக்குப் போகத் தோன்றாது. அதற்குள் ஒரு சாவு வீட்டுக்கோ ஃபுட்பால் திருவிழாவுக்கோ குடும்பமே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் வந்திருக்கும்.

மக்களுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டில்லை, அரசுகளுக்கு அதுதான் எல்லாம். அரசுகள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு வைக்க 2015 ஆயிற்று. மத்திய அரசின் சிறப்புத் திட்டம் களத்துக்கு வந்தது 2018 ஆகஸ்டில். ஏழு வருடம்! 2025 ஆகஸ்டில் சிபிலிஸைத் தேசிய அளவில் கவனிக்க வேண்டிய தொற்று என்று அறிவித்தார்கள். தெற்கே நகரங்களிலும் அது ஏறிய பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது.

கேள்வி: அந்த 2018 திட்டத்தில் அப்படி என்ன புதுசு?

இரண்டு விஷயம். முதலாவது, பணமும் பொறுப்பும் பூர்வகுடி மக்களே நடத்தும் மருத்துவ அமைப்புகளிடம் போனது. டவுன்ஸ்வில், கெய்ன்ஸ், டார்வின் மூன்றிலும் முதலில் தொடங்கினார்கள். இரண்டாவது, உடனடிப் பரிசோதனை. விரல் நுனியில் ஒரு குத்து, மெல்லிய குழாயில் கொஞ்சம் ரத்தம், அதைப் பட்டையில் விட்டு ஒரு துளி திரவம் சேர்த்தால் 15 நிமிடத்தில் கோடு தெரியும். முன்பெல்லாம் ரத்தம் விமானத்தில் நகரத்து லேபுக்குப் போய் ரிசல்ட் வருவதற்குள் ஆள் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை சிபிலிஸ் வந்து குணமானவருக்கும் அந்தக் கோடு விழும். ஆகவே பழைய வைத்தியக் கணக்கைப் பார்க்க டெரிட்டரியின் சிபிலிஸ் பதிவேட்டுக்கு ஃபோன் போட வேண்டும். லேபுக்கும் ரத்தம் அனுப்பியே ஆக வேண்டும்.

நோய் உறுதியானால் பென்சதீன் பெனிசிலின், இடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஊசி. ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும் அந்த மருந்து கெட்டியான பால் போல இருக்கும். சிரிஞ்சை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றி, மெதுவாகப் போட வேண்டும். அவசரப்பட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும், போட்டுக்கொள்பவருக்கும் வலி உயிர் போகும். அன்று ராத்திரி காய்ச்சல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம். சொல்லாவிட்டால் "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்ற பேச்சு மறுநாள் ஊர் முழுக்கப் போய்விடும்.

கேள்வி: தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத வாழ்க்கைதானே காரணம்?

யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். இல்லை. ஊர் சின்னது, மக்கள்தொகையில் இளைஞர்கள் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தொற்று நுழைந்தால் வேகமாகச் சுற்றி வரும். கூடவே, சில வாரங்களுக்கு ஒரு முறை நர்ஸ் மாறும் கிளினிக். புது முகத்திடம் போய் இந்த விஷயத்தைச் சொல்ல நம் ஊரில் எத்தனை பேருக்கு வாய் வரும்?

கேள்வி: இலவச வைத்தியம் தரும் அரசை மக்கள் ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கார்னார்வன் ஊருக்கு எதிரே கடலில் பெர்னியர், டோர் என்று இரண்டு தீவுகள் இருக்கின்றன. பால்வினை நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் போலீஸ் பூர்வகுடி ஆண்களையும் பெண்களையும் பிடித்துச் சங்கிலி போட்டு நடத்திக் கூட்டிவந்து, 1908 முதல் 1919 வரை அந்தத் தீவுகளில் அடைத்தது. சந்தேகம் மட்டும்தான், பலருக்கு அந்த நோயே இல்லை. நூற்றுக்கணக்கானோர் அங்கே போனார்கள், பலர் திரும்பவில்லை. குயின்ஸ்லாந்திலும் ஃபான்டோம் தீவில் 1928இலிருந்து இதே ஏற்பாடு. மெட்ராஸ் ராஜதானியிலும் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் சிப்பாய்களைக் காப்பாற்ற 'லாக் ஹாஸ்பிடல்' வைத்துப் பெண்களை அடைத்தார்கள். நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம். இங்கே பாட்டிமார் மறக்கவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2007இல் சிறுவர் பாதுகாப்பு என்ற பெயரில் மத்திய அரசு ராணுவத்தையும் சேர்த்து டெரிட்டரி ஊர்களுக்குள் இறங்கியது. அதே ஆண்டு டெரிட்டரி கொண்டுவந்த சட்டப்படி, 16 வயதுக்குட்பட்டவர் உடலுறவு கொண்டது தெரிந்தால் நர்ஸும் புகார் கொடுத்தாக வேண்டும். ஆணுறை கேட்டு வரும் 15 வயதுப் பையனுக்கு இது எப்படி இருக்கும்? 2009இல், ஏறக்குறைய ஒரே வயது ஜோடிகளுக்கு விலக்கு தந்து திருத்தினார்கள். குழந்தைகளைக் காப்பது கட்டாயம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பயந்து ஓடுகிற பிள்ளையை யாராலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: எதிலாவது ஜெயித்திருக்கிறார்களா, சிஸ்டர்?

ஏன் இல்லை? டோனவனோசிஸ் என்று ஒரு நோய், பிறப்புறுப்பில் அரித்துக்கொண்டே போகும் புண். தமிழ்நாட்டிலும் தோல் மருத்துவர்கள் ஒரு காலத்தில் நிறையப் பார்த்ததுதான். 1994இல் ஆஸ்திரேலியா முழுக்க நூறு பேருக்கு மேல் பதிவானது, 2004இல் ஐந்தே பேர். சில தடவை விழுங்கினால் போதும் என்ற அசித்ரோமைசின் மாத்திரை வந்தது, நல்ல பிசிஆர் சோதனை வந்தது. அரசு 2001 முதல் 2004 வரை இதற்கென்றே ஆட்களைப் போட்டது. அவர்கள் ஊர் ஊராகப் போய் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்தார்கள். இன்று நான் ஒருவரைக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்று தென் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், அங்குள்ள மக்களே நடத்தும் ஙானம்பா ஹெல்த் கவுன்சில். 1996 முதல் வருடத்துக்கொரு முறை ஊர் இளைஞர்கள் எல்லோருக்கும் பரிசோதனை. எல்லோருக்கும் என்பதால் யாருக்கும் வெட்கமில்லை. கொனோரியா என்ற இன்னொரு பால்வினை நோய் நன்றாகவே குறைந்தது.

கேள்வி: கர்ப்பிணிகளுக்கு?

இதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. சிபிலிஸ் தாயிடமிருந்து குழந்தைக்குப் போனால், குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். பரவல் உள்ள பகுதிகளில் முதல் வருகை, 28ஆம் வாரம், 36ஆம் வாரம், பிரசவம், பிறகு ஆறு வாரம் என்று ஐந்து முறை ரத்தம் எடுக்கிறோம். பிரசவத்துக்கு முப்பது நாளாவது முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். கணவருக்கும் சேர்த்துப் போடாவிட்டால் அத்தனையும் வீண்.

கேள்வி: கொனோரியாவுக்கு இப்போது எந்த மருந்தும் கேட்பதில்லை என்கிறார்களே?

நகரங்களில் அந்தப் பயம் நியாயம்தான். வேடிக்கை என்னவென்றால், டெரிட்டரியின் ஒதுக்குப்புறங்களில் பழைய பெனிசிலின் வகையே இன்னும் கேட்கிறது. அமாக்சிசிலின், புரோபெனசிட், அசித்ரோமைசின் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கையில் கொடுத்து அங்கேயே விழுங்க வைப்போம்.

கேள்வி: நான் கோவையில் நர்ஸ். டெரிட்டரியில் கேத்தரின் ஊர்ப் பக்கம் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

வாருங்கள் தங்கச்சி. கார்பா கையேடு என்று ஒன்று இருக்கிறது, ஒதுக்குப்புறக் கிளினிக்குகளின் வேதம் அது. அதை இப்போதே படிக்க ஆரம்பியுங்கள். ஆண்கள் விஷயத்தை ஆண் பேச வேண்டும், பெண்கள் விஷயத்தைப் பெண் பேச வேண்டும். எந்த உறவுக்காரர் யாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது என்பதெல்லாம் உண்டு. உள்ளூர் பூர்வகுடி ஹெல்த் பிராக்டிஷனரைக் கேட்காமல் யாருடைய துணையின் பெயரையும் விசாரிக்க இறங்காதீர்கள்.

ஆறு வார ஒப்பந்தத்துக்குச் சம்பளம் கூடுதலாகக் காட்டுவார்கள். முடிந்தால் ஒரு வருட வேலையாகப் பாருங்கள், நீங்கள் எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வரும்போது நீங்களே அங்கே இருக்க வேண்டும். ஏஜென்சியிடம் பேசும்போது வீட்டு வாடகையோடு இதையும் கேளுங்கள்: கிளினிக்கில் ஆண்களுக்குத் தனி வாசல் உண்டா, ஆண் ஹெல்த் பிராக்டிஷனர் இருக்கிறாரா?