பால் கக்கும் குழந்தை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குழந்தைகள் வார்டில் 19 வருடமாகச் செவிலியர் வேலை பார்க்கிறேன். இன்று மாலை முழுக்க இங்கே இருப்பேன், கைக்குழந்தை பால் கக்குவதைப் பற்றிக் கேளுங்கள். மருந்தின் அளவு மட்டும் கேட்காதீர்கள், குழந்தையைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: கக்கியது பச்சையாக இருந்தால் இங்கே எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

7 வாரப் பெண் குழந்தையின் அம்மா, ஈரோடு: ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் கக்குகிறாள். குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடுகிறதோ என்று பயமாக இருக்கிறது அக்கா. மாமியார் "கக்குற பிள்ளை தக்கும்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்.

மாமியார் சொல்வது பெரும்பாலும் சரிதான். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது, பால் மேலே திரும்பாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. சின்னக் குழந்தைக்கு அது அடிக்கடி தானாகவே திறந்துகொள்ளும், வயிறும் சின்னது, குடிப்பதும் தண்ணீர் போன்ற உணவு, நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறது, அப்புறம் வராமல் என்ன செய்யும்? மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளில் பாதிப் பேர் தினமும் ஒரு தடவையாவது கக்குகிறார்கள். நாலாவது மாதத்தை ஒட்டி இது அதிகமாகும், உட்காரத் தொடங்கியதும் குறையும், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும்.

எல்லாம் வெளியே வருகிறது என்ற பயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு டீஸ்பூன் பாலை, அதாவது 5 மில்லி, துணியில் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு பெரிய ஈரம் என்று நீங்களே பார்ப்பீர்கள். துணியைப் பார்த்துக் கவலைப்படுவதை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும், பால் நன்றாக இறங்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும். இந்த இரண்டும் சரியாக இருந்து குழந்தையும் சிரித்துக்கொண்டு இருந்தால் பழமொழி உங்கள் மகளுக்குப் பொருந்தும். எடை ஏறவில்லை என்றால் பொருந்தாது, அப்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

பால் கொடுத்ததும் 20, 30 நிமிடம் தோளில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருங்கள். பால் வேகமாகப் பீய்ச்சிக் குழந்தை திணறினால், நீங்கள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து கொடுங்கள், வேகம் அடங்கும்.

ஒரு அப்பா, ஓசூர்: ஆண் குழந்தை, 4 வாரம். மூன்று நாளாகக் கக்குவது மாறிவிட்டது, பீய்ச்சி அடித்துத் தூரப் போய் விழுகிறது. வாந்தி எடுத்த உடனே மறுபடி பாலுக்கு அழுகிறான்.

இன்றே காட்டுங்கள். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலின் தசை தடித்துப் பாதை அடைபடுகிற ஒரு கோளாறு உண்டு. பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்துக்குள்தான் வெளியே தெரியும், ஆண் குழந்தைகளுக்குச் சுமார் நான்கு மடங்கு அதிகம். வாந்தி எடுத்ததும் பசியோடு அழுவதும் அதன் அடையாளம். ஸ்கேனில் தெரிந்துவிடும், சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகும். அது இல்லாமலும் இருக்கலாம், ஆனால் காத்திருக்கக் கூடாது, உடம்பில் நீரும் உப்பும் குறைந்துவிடும்.

சேலத்திலிருந்து ஒருவர்: மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கியது மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா? குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குகிறான்.

எங்கள் வார்டில் அம்மாக்கள் அதிகம் கேட்பது இதைத்தான். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் அதற்குக் கீழே இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் தலைகீழாக மாறிவிடுகிறது, மூச்சுக்குழாய்தான் கீழே வருகிறது. குப்புறத் தூங்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்து அதிகம் என்பதால் 1992லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அப்படித் தூங்கவைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. மல்லாக்க, கெட்டியான சமமான படுக்கையில், தலையணை இல்லாமல். தலைப்பக்கம் சரிவாக உயர்த்தும் மெத்தையும் வேண்டாம், தலை முன்னால் சாய்ந்து மூச்சு அடைபடும். அப்படிச் சாய்வாகத் தூங்கவைக்கும் சாதனங்களை அமெரிக்கா 2022ல் சட்டம் போட்டே தடுத்தது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி: நாலு பிள்ளை, ஆறு பேரன் பேத்தி வளர்த்தவள் நான். இது குடலேற்றம். தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் குடல் இறங்கும், வாந்தி நிற்கும். இதைச் சொல்லாமல் எதையெதையோ சொல்கிறீர்கள்.

அம்மா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். குடல் ஏறுவதும் இல்லை, தட்டினால் இறங்குவதும் இல்லை. கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்குப் பலம் கிடையாது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் மண்டைக்குள் ரத்தக்குழாய் கிழியலாம்.

கோவையிலிருந்து ஒருவர்: என் மகளுக்குத் தட்டியதும் அன்றைக்கே நின்றது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்கிறீர்கள்?

நின்றதை இல்லை என்று சொல்லவில்லை. சாதாரண வயிற்றுக் கோளாறு வாந்தி ஒன்றிரண்டு நாளில் தானாகவே நிற்கும், நீங்கள் தட்டியது அதே நாளில் அமைந்திருக்கும். நான் பயப்படுவது நிற்காத குழந்தைகளை நினைத்து. குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நோய் உண்மையாகவே இருக்கிறது, ஐந்திலிருந்து ஒன்பது மாதத்தில்தான் அதிகம். விட்டு விட்டுக் காலை மடக்கிக்கொண்டு வீறிடும், வாந்தி வரும், பிறகு ஜெல்லி மாதிரி ரத்தத்தோடு மலம் போகும். சீக்கிரம் வந்தால் ஆசனவாய் வழியாகக் காற்றோ நீரோ செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இரண்டு நாள் மூன்று வீட்டில் தட்டிவிட்டு, வயிறு வீங்கிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வருகிற குழந்தைகளை நான் ஆபரேஷன் தியேட்டர் வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். குடலை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

மேலூர்ப் பாட்டி மறுபடி: சரி தாயி. அப்படியென்றால் எண்ணெய் தேய்த்து வயிற்றை நீவுவதும் தப்பா?

இல்லை அம்மா, அது நல்லது, உங்கள் கை பட்டால் பிள்ளை அடங்கும். பால் குடித்த உடனே வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். குளிப்பாட்டும்போது விரலைத் தொண்டைக்குள் விட்டுச் சளி எடுப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

பலர்: வசம்பு, உரைமருந்து, கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?

ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள், சேர்த்துச் சொல்கிறேன். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம், தேனும் சர்க்கரைத் தண்ணீரும் உட்பட. வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968ல் அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்திருக்கிறோம், அதனால் எனக்கே சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டாம். கிரைப் வாட்டர் கக்குவதை நிறுத்தாது.

திருச்சி, 3 மாதக் குழந்தை: அமிலத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து போன முறை மூத்த குழந்தைக்கு எழுதிக் கொடுத்தார்கள். தம்பிக்கும் அதையே கொடுக்கலாமா?

கூடாது. அந்த மருந்து கக்கும் பாலின் புளிப்பைக் குறைக்கும், கக்குவதைக் குறைக்காது. உணவுக்குழாய் புண்ணான குழந்தைக்குத்தான் அது தேவைப்படும், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தஞ்சாவூர்: பவுடர் பாலில் ஒரு ஸ்பூன் கூடப் போட்டுக் கெட்டியாக்கினால் தங்குமா?

வேண்டாம். டப்பாவில் எழுதியிருக்கும் அளவை விடக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கெட்டியானால் சிறுநீரகத்துக்குச் சுமை, தண்ணீரானால் எடை ஏறாது. ஒரே முறையில் நிறையக் கொடுக்காமல் பிரித்துக் கொடுங்கள்.

விருதுநகர்: குப்புறப் படுக்க வைக்கலாமா?

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். தூங்கும்போது கூடவே கூடாது. விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் போடலாம், அதுவும் பால் குடித்த உடனே வேண்டாம்.

நாகர்கோவில்: கக்கியது தயிர் மாதிரி திரிந்து வருகிறதே?

இரைப்பை அமிலம் பட்டால் பால் திரியும். ஒன்றுமில்லை.

கடலூர்: மஞ்சளாக வந்தது, கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. வயிறும் உப்பியிருக்கிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாமா?

காலை வரை வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். பச்சை என்றால் பித்தநீர், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் குடல் கெட்டுவிடும். வண்டி இல்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். கக்கிய துணியையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், அதுவரை நான் இருப்பேன்.